சக எழுத்தாளரின் மூன்றாம் அத்தியாயம்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகே ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில், தமிழில் கதை எழுதும் ஏழெட்டுப் பேர் மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடுகிறோம். எங்களில் ஒருவர், பகலில் மருந்துக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் சகோதரி, இரண்டு ஆண்டுகளாக ஒரு மிகுபுனைவு நாவலை எழுதி வருகிறார். ஃபேன்டஸி என்றால்தான் பலருக்கும் உடனே விளங்கும். அதன் மூன்றாம் அத்தியாயத்தின் 22 பக்கங்களையும் என் கையில் கொடுத்து, “எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க அண்ணா, அது போதும்” என்றார். அந்த 22 பக்கங்களுக்கு நான் என்ன சொன்னேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அவருடைய அனுமதியோடு இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் பழைய ஏரிகளின் மேல் நிற்கும் ஊர். மெஜஸ்டிக்கில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரியாக இருந்த இடத்தில் நிற்கிறார்கள். கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஏரிகளுக்கெல்லாம் உயிரும் பெயரும் இருக்கிற, கடல் கடந்து யாரும் வந்திராத ஒரு நாட்டை அவர் படைத்திருக்கிறார். ஏரி மதகைத் திறந்து மூடும் குடும்பத்தில் பிறந்த பதினான்கு வயதுச் சிறுமிதான் கதைத்தலைவி. ஏரியை அதன் உண்மைப் பெயர் சொல்லி அழைத்தால் நீர் எழுந்து வரும். ஆனால் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும், அழைத்தவரின் நினைவிலிருந்து வேறொரு பெயர் அழிந்துபோகும். முதல் அத்தியாயத்திலேயே இந்த விதியை அவர் தெளிவாக நிறுவிவிட்டார்.

இப்படிப்பட்ட எழுத்து கைக்கு வரும்போது, “நன்றாக இருக்கிறது, தொடர்ந்து எழுதுங்கள்” என்று சொல்லி அனுப்புவதை நம்மில் பலர் பண்பு என்று நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு ஆண்டு இரவுகளைச் செலவழித்து எழுதியவருக்கு அந்தச் சொல்லால் எந்தப் பயனும் இல்லை; தன் எழுத்தை யாரும் உண்மையில் படிக்கவில்லை என்ற ஐயம்தான் அவருக்கு மிஞ்சும். ஆகவே முதலில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: இது முதல் வரைவா, பதிப்பகத்துக்கு அனுப்பப் போகும் படியா? முதல் வரைவு என்றார். அந்த ஒரு பதிலால் என் வேலையில் பாதி குறைந்தது. முதல் வரைவில் ஒற்றுப்பிழை பார்ப்பது, சுவர் எழும்பும் முன்பே வெள்ளையடிக்கப் போவதைப் போன்றது. வல்லினம் மிகுமா மிகாதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வாசிப்பில் நான் கையில் பென்சில் வைத்துக்கொள்வதில்லை. மெட்ரோவில் வீடு திரும்பும்போது ஒரு சாதாரண வாசகனாகப் படித்தேன். மறுநாள் காலையில் பென்சிலோடு அமர்ந்து, எந்த வரியில் என் மனம் ஒட்டியது, எந்த வரியில் விலகியது என்பதை மட்டும் ஓரத்தில் குறித்தேன். காரணங்களை அப்போது எழுதவில்லை. காரணம் தேடத் தொடங்கிய உடனே நாம் வாசகனாக இருப்பதை விட்டுவிட்டு நடுவராகிவிடுகிறோம் என்பது என் அனுபவம்.

காரணம் தேடும் நேரம் வந்தபோது எனக்குத் துணை நின்றது, தமிழ் மாணவர்கள் மனப்பாடம் செய்து மறந்துபோகும் நன்னூல். நூல் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய பத்துக் குற்றங்களையும், கொள்ள வேண்டிய பத்து அழகுகளையும் பவணந்தி முனிவர் வரிசைப்படுத்தியிருக்கிறார். அவரை நன்னூல் இயற்றச் சொன்னவன் சீயகங்கன் என்று அதன் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. அவன் கங்க மரபினன். கங்கர்களின் தொடக்கத் தலைநகரான கோலார் இங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. இலக்கண நூலுக்காகச் சொன்ன குற்றங்கள் மாயக் கதைக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று அவற்றை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் கடைசியாகப் பாதியில் மூடிவைத்த நாவல் நினைவுக்கு வரும். “இழுவை”, “போரடிக்குது” என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு நாம் திணறும் இடத்தில், எந்த வகையான பழுது என்று பெயர் சொல்லிச் சுட்ட அவர் நமக்குச் சொற்களைத் தந்திருக்கிறார்.

பத்து அழகுகளில் ஒன்று “உலகம் மலையாமை”. உயர்ந்தோர் வழக்கத்தோடு முரண்படாமல் இருப்பது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். மிகுபுனைவைப் படிக்கும்போது இதை நான் சற்று நீட்டிப் பொருள் கொள்கிறேன். இங்கே உலகம் என்பது எழுத்தாளர் தாமே படைத்த உலகம். அந்த உலகத்தோடு கதை முரண்படக் கூடாது. யானை பறக்கலாம், ஏரி பேசலாம், வாசகர் மறுப்பே சொல்லாமல் ஏற்றுக்கொள்வார். ஆனால் எழுத்தாளர் தாமே வகுத்த விதியைத் தாமே மீறும் வேளையில், அதுவரை கொடுத்த நம்பிக்கை முழுவதையும் வாசகர் திரும்ப எடுத்துக்கொள்வார்.

மூன்றாம் அத்தியாயத்தில் அதுதான் நேர்ந்திருந்தது. பகைவர் ஊரைச் சூழும் இரவில் அந்தச் சிறுமி மூன்று முறை ஏரியை அழைக்கிறாள். மூன்று முறையும் நீர் எழுகிறது. பகைவர் சிதறி ஓடுகிறார்கள். முதல் அழைப்புக்கு அவள் தன் ஆட்டுக்குட்டியின் பெயரை இழக்கிறாள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அவள் எதை இழந்தாள் என்று ஒரு சொல்கூட இல்லை. போர்க்காட்சியின் வேகத்தில் எழுத்தாளர் விலையை மறந்துவிட்டார். முன் சொன்னதற்கு முரணாகச் சொல்லும் இந்தக் குற்றம்தான் மாறுகொளக் கூறல். விலை இல்லாத மந்திரம் கதையின் எந்தச் சிக்கலையும் ஒரு நொடியில் தீர்த்துவிடும். தீர்த்துவிடும் என்று தெரிந்தபின் எந்த ஆபத்துக்கும் வாசகர் அஞ்சமாட்டார். 14ஆம் பக்கத்தில் எனக்கு அப்படித்தான் அச்சம் விட்டுப்போனது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு நான் நெடுநேரம் செலவிட்டேன். “மந்திர அமைப்பில் பிழை இருக்கிறது” என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் நான் சொன்னது இது: “பதினாலாம் பக்கத்துல அவ மூணாவது தடவை கூப்பிட்டப்போ, இவ இப்ப யார் பேரை மறந்தாள்னு நான் பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேடினேன்மா. கிடைக்கலை. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகுமோன்னு எனக்குப் பயம் வரலை.” வாசகர் ஒருவருக்கு நேர்ந்ததை எழுத்தாளர் மறுக்க முடியாது. பிழை என்று நாம் தீர்ப்புச் சொன்னாலோ, அவர் உடனே வாதாடத் தொடங்குவார். வாதாடத் தொடங்கியவருக்கு மற்ற எதுவும் காதில் விழாது.

இதே அத்தியாயத்தின் ஒளி மிகுந்த இடமும் அந்த விதியிலிருந்தே பிறந்திருந்தது. போர் முடிந்து விடியும்போது, கரையில் அழுதுகொண்டு நிற்கும் தன் தம்பியைக் கூப்பிட அவள் வாயைத் திறக்கிறாள்; பெயர் வரவில்லை. இரண்டே வரிகள். அதோடு காட்சி முடிந்து, அடுத்த பத்தியில் படைத்தளபதி குதிரையில் வந்துவிடுகிறான். நான் அங்கே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சன்னலருகே சிறிது நேரம் நின்றேன். 22 பக்கங்களில் இதற்கு இணையான இடம் வேறு இல்லை. இருந்தும் அவர் அதை எழுதியதும் அஞ்சி ஓடிவிட்டதைப் போலிருந்தது. சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்லும் இதற்குத்தான் குன்றக் கூறல் என்று பெயர். ஒரு கைப்பிரதியின் மிகப் பெரிய குறையும் மிகப் பெரிய வலிமையும் அடுத்தடுத்த பக்கங்களில் வாழ்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே முதலில் பாராட்டு, நடுவில் குறை, முடிவில் மீண்டும் பாராட்டு என்று அடுக்கிச் சொல்லும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்பவர் நடுவில் இருப்பதற்காகவே காத்திருப்பார். “தம்பியோட பேரை அவ இழந்தது எந்த அழைப்புலன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, இந்த ரெண்டு வரி என்னை இன்னும் உலுக்கியிருக்கும்” என்றேன். குறையும் பாராட்டும் ஒரே வாக்கியத்தில் அமைந்தன, இரண்டும் உண்மை.

அடுத்தது, தொடக்கத்தின் நான்கு பக்கங்கள். அந்த நாட்டின் ஏரிகள் எப்படிப் பிறந்தன, எது எதற்குத் தாய், எது எதற்குத் தமக்கை என்று கதைசொல்லியே நேரடியாக விளக்கிச் செல்கிறார். எண்ணிப் பார்த்தேன்: 31 ஏரிப் பெயர்கள். உலகத்தைப் படைத்தவருக்கு அதன் ஒவ்வொரு மூலையும் அருமையானது என்பதை நான் அறிவேன். ஆனால் அந்தச் சிறுமியின் மேல் இன்னும் அன்பு வராத வாசகருக்கு அந்த 31 பெயர்களும் மற்றொன்று விரித்தலே, அதாவது கதையை விட்டு வேறொன்றை விரித்துச் சொல்வதே. “ஏழாவது பேர்ல நான் எண்ண ஆரம்பிச்சேன், கதை கேக்கறதை விட்டுட்டேன்” என்று சொன்னேன். இந்தப் பெயர்களைப் பின்வரும் அத்தியாயங்களில் பிரித்துத் தரலாமே என்றும் ஒரு யோசனை கூறினேன்.

அவருடைய நாட்டின் மண்ணைப் பற்றியும் பேசினோம். ஒரு நிலத்துக்கு உரியவை எவை எவை என்று, கருப்பொருள் என்ற பெயரில் தொல்காப்பியம் அடுக்கும் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். ஒரு கற்பனை உலகம் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல பட்டியலை நான் கண்டதில்லை. அவருடைய அத்தியாயத்தில் மரமும் பறவையும் தொழிலும் செறிந்திருந்தன. மதகின் அடிக்கல்லில் படிந்த பாசியைச் சிறுமி கட்டைவிரலால் தேய்த்து, நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லும் இடம் ஒன்றே போதும். உணவில்தான் சிறு இடறல். கடல் கடந்து யாரும் வராத நாட்டில் அவள் கேழ்வரகுக் களிக்கு மிளகாய்த் துவையலைத் தொட்டுக்கொள்கிறாள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பொருள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பின்னர், போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. மிளகு என்று மாற்றினால் தீர்ந்தது. அதைப் போலவே, கடிகாரம் இல்லாத ஊரில் “ஐந்து நிமிடம்” என்று வந்திருந்தது. 24 நிமிடம் கொண்ட நாழிகை நம்மிடம் இருக்கிறது, அதற்கும் குறைந்த நேரத்துக்குக் கண் இமைப்பொழுது இருக்கிறது. இவை இரண்டையும் கடைசியில், ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். இவற்றை முதலில் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய் மிளகாயை மட்டும் திருத்தியிருப்பார்.

யோசனை கூறுவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டது வருத்தத்துக்குரிய விதத்தில். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டத்துக்கு வந்த ஓர் இளைஞரின் மாயக் கதையில், ஒரு பிரிவுக் காட்சி சரியாக அமையவில்லை. அவருக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு, அந்தக் காட்சியை ஒரு பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். அவர் மரியாதையின் காரணமாக அதை அப்படியே தம் கதையில் சேர்த்துக்கொண்டார். அடுத்த மாதம் அவர் வாசித்தபோது, அந்தப் பத்தி வந்ததும் எல்லோரும் தலைநிமிர்ந்தார்கள். அவருடைய குரல் நின்று, என் குரல் ஒலித்தது. அவரும் அதைக் கேட்டார். அதன்பின் அந்தக் கதையை அவர் தொடரவில்லை. நொண்டினாலும் அது அவருடைய காட்சியாக இருந்தது. அவர் தேடிக் கண்டடைய வேண்டியதை நான் முந்திக்கொண்டு பறித்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கே இடறுகிறது என்பதை வரி காட்டிச் சொல்கிறேன், ஏன் இடறுகிறது என்று எனக்குத் தோன்றுவதையும் சொல்கிறேன். மாற்று வரியை மட்டும் எழுதிக் கொடுப்பதில்லை. யோசனை ஒன்று சொன்னாலும், “இது என் வழி, உங்கள் வழி வேறாக இருக்கலாம்” என்பதைச் சேர்த்தே சொல்கிறேன்.

சகோதரி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. எங்கள் வட்டத்தில் அதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறோம். இரண்டு மாதம் கழித்துத் திருத்திய அத்தியாயத்தைக் கொண்டுவந்து, மாடியில் வாசித்தார். மிளகாய் மிளகாகியிருந்தது. மூன்று அழைப்புகளுக்கும் மூன்று பெயர்கள் போயிருந்தன. ஆனால் ஏரிப் பெயர்களைப் பிரித்துத் தரலாம் என்ற என் யோசனையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. 31 பெயர்களும் அப்படியே, ஒரே பக்கத்தில் இருந்தன. இம்முறை அவற்றைச் சொல்வது, திண்ணையில் அமர்ந்திருக்கும் சிறுமியின் பாட்டி. இளமையில் ஊருக்காகப் பலமுறை நீரை அழைத்தவள். தாய் ஏரி, மகள் ஏரி, தமக்கை ஏரி என்று ஒரு பெயர்கூடப் பிசகாமல் 31 பெயர்களையும் சொல்லி முடித்துவிட்டு, அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பேத்தியின் முகத்தை உற்றுப் பார்த்து, அவள் கேட்கிறாள்: “நீ யார் வீட்டுப் பிள்ளையம்மா?”

நன்றி, வணக்கம்.