சென்னையில் சிக்கிய சில்வியா

அவைத் தலைவர் அவர்களே, நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பொறுமையாக வீற்றிருக்கும் தலைமையாசிரியர் பெருமக்களே, இடம் தந்த நூலகத்தாரே, ஒலிபெருக்கியைக் காத்துவரும் தம்பிகளே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

சூரியனைச் சுற்றும் சிறு வான்பொருளை, சில்வியா என்ற சிறுகோளைப் பற்றி மூன்று செய்திகள்: கண்டுபிடிப்பு, உள்ளமைப்பு, சுழற்சி.

1866 மே 16 அன்று நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வானியலாளர் நார்மன் போக்சன் இதைக் கண்டார். புகைப்படம் கொண்டு சிறுகோள் தேடாத காலம். தொலைநோக்கியில் தெரியும் புள்ளிகளை வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். அடுத்த இரவு இடம் மாறியிருப்பதுதான் சிறுகோள். சில்வியா ஒரு நாளில் நகர்வது முழு நிலவின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு. ஒரு புள்ளியைத் தப்பாகக் குறித்தாலும் உழைப்பு வீண். பதறாத காரியம் சிதறாது!

போக்சன் என்றால் தந்திக் கதையைச் சொல்லியாக வேண்டும். 1872 நவம்பர் கடைசி. ஜெர்மனியிலிருந்து வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ் தந்தியடிக்கிறார்: "பீலா வால்மீன் 27-ஆம் தேதி பூமியைத் தொட்டது. தீட்டா சென்டாரி அருகே தேடுக." அந்த விண்மீன் இருப்பது தென்வானம், ஜெர்மனியிலிருந்து பார்க்க வழியில்லை. இங்கேயோ மேகம்! டிசம்பர் தொடக்கத்தில், அடுத்தடுத்த இரு விடியலில் வானம் திறக்கிறது. சொன்ன இடத்தருகே ஒரு வால்மீன்! பிறகு மறுபடி மேகம். கணக்குப் போட்டவர்கள் என்ன சொன்னார்கள்? அது பீலாவே அல்ல, வேறொன்று! (சிரிப்பு)

சரி, சில்வியாவுக்கு வருவோம். சராசரி விட்டம் சுமார் 270 கி.மீ.; உருண்டையல்ல, நீண்ட உடல். சூரியனைச் சுற்ற ஆறரை ஆண்டு. 2001-இல் ரோமுலஸ், 2004-இல் ரெமுஸ் என இரு நிலவுகள் சிக்கின. இரு நிலவுகள் உண்டென முதலில் அறியப்பட்ட சிறுகோள் இதுதான். ரோமுலஸ் சுமார் 1,360 கி.மீ. தொலைவில் 3.65 நாளில் சுற்றுகிறது. தொலைவும் காலமும் தெரிந்தால் சில்வியாவின் நிறை கிடைக்கும். அதைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. வந்த விடை, தண்ணீரைவிடச் சற்றே அதிகம். முழுப் பாறையென்றால் இரு மடங்காவது வந்திருக்க வேண்டாமா? மோதலில் நொறுங்கி, ஈர்ப்பால் மறுபடி சேர்ந்த ஜல்லிக் குவியல் என்றே 2005-இல் ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். சிதறியும் கூடியிருக்கிறது!

சுழற்சி இருக்கட்டும். நகராட்சித் தலைவர் அம்மா கிளம்புவதற்குள் ஒன்று கேட்டுவிடுகிறேன். சில்வியா எதிர்நிலையில், அதாவது வானில் சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும்போது, 12-ஆம் ஒளித்தரத்தை ஒட்டி வரும்; ஒளித்தர எண் கூடக் கூட மங்கல். இருண்ட வானில் 8 அங்குலத் தொலைநோக்கி போதும். நம் பள்ளி மைதானத்தில் சிரமம். தெருவிளக்கு வானத்துக்கும் சேர்த்து எரிகிறது! ஒளியைக் கீழே மட்டும் விடும் தட்டைக் கண்ணாடி விளக்கைத் தரைக்கு இணையாக மாட்டச் சொல்லுங்கள். சாய்த்து மாட்டினால் அதுவும் வீண். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் 3,000-க்கு மிகாத மஞ்சள் ஒளி வேண்டும். நீல ஒளிதான் காற்றில் அதிகம் சிதறி வானத்தை வெளுக்கிறது. ஊர் முழுவதும் ஒரே நாளில் வேண்டாம், பதறாத காரியம்... (கூட்டம்: "சிதறாது!") மைதானத்தைச் சுற்றியுள்ள கம்பங்களின் பட்டியல் இதோ, அம்மாவிடமே கொடுத்துவிடுகிறேன். நன்றி.