காற்று நின்ற அரைமணி நேரம்

(வேதாரண்யம் வட்டத்துக் கிராமம் ஒன்றின் நூலக விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, பின்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'புயலும் நம்ம ஊரும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் டீக்கடையில் ஒரு பெரியவரிடம், "ஐயா, நீங்க எத்தனை புயல் பார்த்திருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் வருஷம் சொல்லவில்லை. "எங்க அண்ணன் கல்யாணப் பந்தல் பறந்துச்சு பாரு, அது ஒண்ணு" என்றார். விசாரித்தால் அது 1977 நவம்பர் 12. ஐப்பசி கடைசி. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையைக் கடந்த புயல். ஒரே வாரத்தில் ஆந்திராவில் திவிசீமாவை இன்னொரு புயல் அடித்து ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். பேப்பர் முழுக்க அந்தச் செய்திதான். நம்முடையது அதற்குள் பழசாகிவிட்டது.

அதற்கு முன்னால் 1952 நவம்பர் 30-லும், மூன்று வருஷம் கழித்து 1955-ல் கிட்டத்தட்ட அதே தேதியிலும் இந்தக் கரையைப் புயல் அடித்திருக்கிறது. கார்த்திகை பிறந்து பாதி மாதம்தான் ஆகியிருக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி. ரயிலோடு போனதால் அதை உலகமே ஞாபகம் வைத்திருக்கிறது. 52-க்கும் 55-க்கும் பெயர்கூடக் கிடையாது. வங்கக்கடல் புயலுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே 2004-ல்தான் வந்தது. பெயர் இல்லாததை ஊர் சீக்கிரம் மறந்துவிடுகிறது. 2018 நவம்பர் 16-ஐ நாம் மறக்க மாட்டோம் என்றால், 'கஜா' என்று இலங்கைக்காரர்கள் வைத்த பெயருக்கும் அதில் பங்கு உண்டு. கஜம் என்றால் யானை. யானை புகுந்த தோப்பு மாதிரியேதான் கிடந்தது ஊர்.

அந்த ராத்திரியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். காரணம் இருக்கிறது.

நள்ளிரவு தாண்டிக் காற்று வடக்கேயிருந்து அடித்தது. வாடை. ஓட்டு வீட்டில் ஓடு ஒவ்வொன்றாகக் கழன்ற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தட்டு உடைகிற மாதிரி. பிறகு ஒரு நேரத்தில் சட்டென்று நின்றது. அரைமணி இருக்கலாம், கூடக் குறைய இருக்கலாம், யார் கடிகாரம் பார்த்தார்கள்? "விட்டுருச்சு" என்று தெருவில் குரல் கேட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போனார்கள். நானும் போனேன். வாய்க்கால் தாண்டும்போது தெற்கேயிருந்து வந்தது பாருங்கள், முதலில் அடித்ததெல்லாம் ஒன்றுமில்லை. வடக்குக் காற்றுக்கு வேர் இளகி நின்ற தென்னை எல்லாம் தெற்குக் காற்றுக்குச் சாய்ந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. நம் பக்கத்துப் புயல், கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். கிழக்கிலிருந்து மேற்கே போகும் புயலின் முன்பாதி நமக்கு வாடைக்காற்று, பின்பாதி தென்காற்று. நடுவில் கண். காற்று மெல்ல மெல்லக் குறைந்தால் புயல் போகிறது என்று அர்த்தம். விளக்கை அணைத்த மாதிரி நின்றால் பாதிதான் முடிந்திருக்கிறது. 77-ல் அனுபவப்பட்டவர்களுக்கு இது தெரியும். ஆனால் 2018-ல் டார்ச் எடுத்துக் கிளம்பியவர்களிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. நாற்பத்தோரு வருஷம் போதும், ஊர் மறப்பதற்கு.

கடலும் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி நடத்தாது. கண் கடக்கும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். தண்ணீரை உள்ளே தள்ளும். தெற்கே கரையிலிருந்து கடலுக்கு வீசும். புஷ்பவனம் பக்கம் கடல் சேறு வீட்டுக்குள் வந்து படிந்ததை நீங்களே பார்த்தீர்கள். ஆகவே 'நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே' என்று ரேடியோவில் சொன்னால், புயல் கடக்கும் கோட்டுக்கு நாம் வடக்கா தெற்கா என்பதுதான் முதல் கேள்வி. துறைமுகத்தில் 8-ம் எண் கூண்டு, 9-ம் எண் கூண்டு என்று தனித்தனியாக ஏற்றுவதும் இதற்காகத்தான். ஒன்று என்றால் புயல் துறைமுகத்துக்கு ஒரு பக்கமாகக் கடக்கும், இன்னொன்று என்றால் மறுபக்கமாக. 10 என்றால் நம் தலைமேலேயே. எண் பெரிதானால் ஆபத்து பெரிது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தென்னைக்கு வருகிறேன். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆகமொத்தம் 1,100 என்று அரசு அறிவித்தது. முப்பது வருஷத்து மரம் அது. நெட்டை ரகம் வைத்தால் காய்க்கவே ஆறேழு வருஷம். கணக்கு யாருக்கும் கட்டுப்படியாகவில்லை, அதைப் பேசி இப்போது பயனில்லை. நான் பார்த்தது வேறு. தென்னந்தோப்பு படுத்துக் கிடக்க, வரப்போரத்துப் பனைகள் தலை கலைந்து நின்றுகொண்டிருந்தன. தோப்பு போட வேண்டுமென்று நாம் வெட்டித்தள்ளிய மரத்தின் மிச்சம்.

எல்லாப் புயலும் காற்றால் அடிப்பதில்லை. 2008-ல் நிஷா, காற்று பெரிதில்லை. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2020-ல் புரெவி மன்னார் வளைகுடாவில் போய் நின்றுகொண்டு நகரவே இல்லை, இங்கே சம்பா மூழ்கியது. 2016-ல் நாடா வருகிறது வருகிறது என்று பயமுறுத்திவிட்டுக் கரைந்துபோனது. கஜாவின்போது பலர் வீட்டைவிட்டு நகராததற்கு அந்த நாடாவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இடி மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒருத்தர் ஒருத்தராகக் கொண்டுபோவதால் அதற்கு யாரும் கூட்டம் போடுவதில்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிப் பாருங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடித்தால் நடவை விட்டுவிட்டு உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடி வேண்டாம்.

நான் இங்கே வந்தது ஒரு நோட்டுக்காக. இருநூறு பக்க நோட்டு, கோடு போட்டது, நூலக மேசையில் இருக்கிறது. எந்தப் புயலுக்கு எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது, எந்தத் திசையில் மரம் விழுந்தது, எந்த வீடு தாங்கியது, கரண்டு எத்தனை நாள் கழித்து வந்தது, இதெல்லாம் அதில் ஏற வேண்டும். வானிலை மையத்திடம் காற்றின் வேகம் இருக்கும். மேலத்தெருத் தண்ணீர் எந்த வழியாக வடிந்தது என்பது அவர்களிடம் இருக்காது.

கடைசி வரிசையில் ஒரு அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்கிறார்கள். ஆத்தா, உங்களைத்தான். 77-ல் உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்குமே. மைக்கை அங்கே கொடுங்கப்பா. தண்ணீர் மாரியம்மன் கோயில் படியில் எத்தனையாவது படி வரைக்கும் ஏறிச்சு, சொல்லுங்க. தம்பி, நீ எழுது.