இங்கிலீஷ் கேள்விக்குள்ள ஒளிஞ்சிருக்கிற தமிழ் வாக்கியம்

[திரையில் ஒரே ஒரு வாக்கியம்: தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் இன் தி பாக்ஸ் வேர் நாட் குட்.]

இதை ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க. காதுல ஏதாவது இடிக்குதா?

எனக்கு இடிக்கல. மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி எக்ஸாமுக்கு முதல் தடவை உட்கார்ந்தப்போ, வாக்கியத்துல தப்பு எங்கன்னு கண்டுபிடிக்கச் சொல்லி இதே அச்சுல வந்த ஒரு கேள்விக்கு 'நோ எரர்'னு கிளிக் பண்ணிட்டு நிம்மதியா அடுத்த கேள்விக்குப் போனவன் நான். 'மேங்கோஸ்' பன்மை, 'வேர்' பன்மை, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஜோடியா நிக்குது, அப்புறம் என்ன தப்புன்னு தோணிச்சு.

இப்ப இதையே தமிழ்ல சொல்லிப் பாருங்க. "பெட்டியில இருந்த மாம்பழங்களோட தரம் நல்லா இல்ல." நல்லா இல்லாதது எது? தரம். மாம்பழம் இல்ல, பெட்டி இல்ல. தரம் ஒண்ணுதான், அதனால 'வேர்' தப்பு, 'வாஸ்' சரி. தமிழ்ல கேட்டா ஆறாம் கிளாஸ் பையன்கூட சொல்லிடுவான். இங்கிலீஷ்ல கேட்டா டிகிரி முடிச்சவங்களே சறுக்குறாங்க. ஏன்னு பார்ப்போம், அதுக்குத்தான் இந்த வீடியோ.

[திரையில் ரெண்டு வாக்கியமும் மேலும் கீழுமா. 'தரம்', 'குவாலிட்டி' ரெண்டும் மஞ்சள் நிறத்துல.]

மஞ்சள் கலரை மட்டும் பாருங்க. தமிழ்ல அடைமொழி, வர்ணனை எல்லாமே முன்னாடி வந்துடும். 'பெட்டியில இருந்த', 'மாம்பழங்களோட' எல்லாம் வரிசையா வந்து, கடைசியில தலைவர், அதாவது எழுவாய், 'தரம்' வந்து உட்காருவார். அவருக்கு அப்புறம்தான் வினைச்சொல். நடுவுல அந்த வர்ணனைக் கூட்டம் நுழைய முடியாது. இங்கிலீஷ்ல அப்படியே தலைகீழ். தலைவர் 'குவாலிட்டி' முதல்லயே வந்துட்டார். அவருக்குப் பின்னாடி 'ஆஃப் தி மேங்கோஸ்', 'இன் தி பாக்ஸ்'னு ஒரு கூட்டம் வந்து, அவருக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவுல நிக்குது. நாம வினைச்சொல்லுக்குப் பக்கத்துல யார் நிக்கிறாங்களோ அவரையே தலைவர்னு நினைச்சுக்கிறோம். தமிழ் நமக்குப் பழக்கின பழக்கம் அது. கேள்வி எடுக்கிறவருக்கு இது நல்லாவே தெரியும். அந்தக் கூட்டத்தை வேணும்னேதான் நடுவுல நிறுத்துறார்.

நான் போன கோச்சிங் சென்டர்ல நூத்துச் சொச்சம் ரூல்ஸை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க. ஒவ்வொண்ணும் சரியான ரூல்தான், குறை சொல்லல. ஆனா எக்ஸாம் ஹால்ல நாற்பத்தேழாவது ரூல் எதுன்னு யாருக்கு ஞாபகம் வரும்? டிகிரி முடிச்சவங்க எழுதுற எஸ்எஸ்சி சிஜிஎல் எக்ஸாமோட முதல் கட்டம், டயர் ஒன்ல 100 கேள்வி, 60 நிமிஷம். சராசரியா ஒரு கேள்விக்கு 36 செகண்ட். இங்கிலீஷ்ல மட்டும் 25 கேள்வி, 50 மார்க். ஒரு தப்புக்கு அரை மார்க் போகும். ரெண்டாவது கட்டம், டயர் டூல இங்கிலீஷுக்கு 45 கேள்வி, 135 மார்க், அங்க ஒரு தப்புக்கு ஒரு முழு மார்க் போயிடும். ரூல் புக்கைத் தலைக்குள்ள புரட்ட நேரம் கிடையாது.

அதனால நான் சொல்றது இதுதான். வீட்டுல பயிற்சி பண்ணும்போது, மாட்டின வாக்கியத்தைத் தமிழுக்குக் கொண்டு வந்து பாருங்க. 'தமிழ்ல யோசிக்காதே, இங்கிலீஷ்லயே யோசி'ன்னு எல்லாரும் சொல்வாங்க. பேசுறதுக்கு அது சரி. தப்பு கண்டுபிடிக்கிற வேலைக்குத் தமிழ்தான் கையில இருக்கிற பூதக்கண்ணாடி.

இன்னொரு உதாரணம். 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்', 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்'. எதுக்கு ஒருமை, எதுக்குப் பன்மை? இதுல குழம்பாத ஆளே இல்ல. தமிழ்ப்படுத்துங்க. 'எ நம்பர் ஆஃப்'னா "நிறைய பசங்க வந்திருக்காங்க." வந்தது பசங்க, அதனால 'ஹேவ்'. 'தி நம்பர் ஆஃப்'னா "பசங்களோட எண்ணிக்கை கூடியிருக்கு." கூடினது எண்ணிக்கை, அதனால 'ஹேஸ்'. முடிஞ்சது.

அடுத்து 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்', 'டுகெதர் வித்'. ஜெராக்ஸ்ல இதுக்கு ஒரு முழுப் பக்கம் இருந்துச்சு. தமிழ்ல ரெண்டு விகுதிதான் விஷயம். "கண்ணன் பசங்களோட வந்தான்." "கண்ணனும் பசங்களும் வந்தாங்க." முதல் வாக்கியத்துல எத்தனை பேர் கூட வந்தாலும் வினைச்சொல் கண்ணனுக்குத்தான், 'வந்தான்'. அந்த 'ஓட'தான் 'அலாங் வித்'. ரெண்டாவதுல இருக்கிற 'உம்', 'உம்'தான் 'அண்ட்'. 'ஓட' வந்தா முதல் ஆளைப் பாரு, 'உம்' வந்தா எல்லாரையும் சேர்த்து எண்ணு. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' விஷயமும் இதே கதைதான். "என் ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தன் வந்தான்."

ஆனா இந்தப் பூதக்கண்ணாடியில கீறலும் இருக்கு. அதைச் சொல்லாம விட்டா உங்களை மாட்டி விட்ட பாவம் எனக்கு வரும்.

பேச்சுத் தமிழ்ல மனுஷங்களுக்கு மட்டும்தான் பன்மை வினை கறாரா வரும். பசங்க 'வந்தாங்க'. ஆனா மாடுகள்? 'மாடுங்க வருது'ன்னுதான் சொல்றோம். 'பழங்கள் அழுகிடுச்சு', 'பஸ்ஸுங்க நிக்குது'. எழுத்துத் தமிழ்ல 'வருகின்றன', 'அழுகின'ன்னு வரும், வாயில வராது. அதனால அஃறிணை வந்தா, தலைவர் யாருன்னு தமிழ் காட்டிக் கொடுக்கும், அவர் ஒருத்தரா பல பேரான்னு நீங்கதான் எண்ணிப் பார்க்கணும். அதே மாதிரி 'எல்லாரும் வந்தாங்க'ன்னு தமிழ்ல பன்மை, ஆனா 'எவ்ரிபடி' இங்கிலீஷ்ல ஒருமை. தகவல்கள், அறிவுரைகள்னு நாம தாராளமா 'கள்' போடுவோம், 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்' ரெண்டுக்கும் 'எஸ்' ஒட்டாது. 'டிஸ்கஸ்' பக்கத்துல 'அபவுட்' போடுறதும், 'பிரிஃபர்' பக்கத்துல 'தேன்' போடுறதும் 'பத்தி', 'விட' ரெண்டும் நமக்கு வாங்கிக் கொடுக்கிற அடி. இதுக்கெல்லாம் தர்க்கம் தேடாதீங்க, அப்படியே மனப்பாடம் பண்ணிடுங்க.

[திரையில்: ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே.]

காலம் பத்தி ஒண்ணு மட்டும் சொல்றேன், ஏன்னா அதிகமா மார்க் போற இடம் இது. "அவன் நேத்து வந்திருக்கான்." தமிழ்ல இது ரொம்ப இயல்பான வாக்கியம். நான் பார்க்கல, ஆனா வந்துட்டுப் போனது தெரியுதுன்னு அர்த்தம். இதை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டு போனா 'ஹேஸ் கம்' வந்துடும். 'எஸ்டர்டே', 'லாஸ்ட் மன்த்', 'இன் 2019'னு முடிஞ்சுபோன நேரத்தைப் பேர் சொல்லிட்டா, 'ஹேஸ்', 'ஹேவ்' பக்கமே போகக்கூடாது. 'கேம்', அவ்வளவுதான். 'சின்ஸ்', 'ஃபார்' குழப்பத்துக்குத் தமிழ் உதவி பண்ணும். 'அஞ்சு வருஷமா'வுல வர்ற அந்த 'ஆ'தான் 'ஃபார்', '2020ல இருந்து'ல வர்ற 'இருந்து'தான் 'சின்ஸ்'. ஆனா "அஞ்சு வருஷமா இங்க இருக்கேன்"ல 'இருக்கேன்' நிகழ்காலம்னு பார்த்து 'ஐ ஆம் ஹியர்'னு ஆரம்பிச்சீங்கன்னா போச்சு. 'ஐ ஹேவ் பீன்' வரணும்.

சரி, கிராமரை விட்டு வெர்பல் ரீசனிங் பக்கம் வருவோம். கலைச்சுப் போட்ட நாலு வாக்கியத்தை வரிசைப்படுத்துற பாரா ஜம்பிள். முதல்ல தமிழ்லயே ஒண்ணு போடுறேன்.

[திரையில் நாலு வரி.]

ஏ: அந்தச் சேதத்தைச் சரிசெய்ய ஆறு மாதம் அவகாசம் தரப்பட்டது.
பி: பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது.
சி: ஆனால் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளிலேயே வேலையை முடித்துவிட்டது.
டி: 1964 டிசம்பரில் அடித்த புயல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்தது.

பி, டி, ஏ, சின்னு யோசிக்காமலே சொல்லியிருப்பீங்க. எப்படிச் சொன்னீங்கன்னு இப்ப நிதானமாப் பாருங்க. 'அந்தச் சேதம்'னு ஏ சொல்லுது. எந்தச் சேதம்? டி-ல இருக்கு. டி-ல 'அதன்'. எதன்? பி-ல பாலம் இருக்கு. 'ஆனால்', 'நாளிலேயே'ன்னு சி எதையோ மறுக்குது. அந்த ஆறு மாசத்தை. ஒவ்வொரு வரியும் கையை நீட்டி முந்தின வரியைப் பிடிச்சிருக்கு. இங்கிலீஷ்லயும் அதே கைகள்தான்: 'தட்', 'இட்ஸ்', 'சச்', 'தி', 'ஹௌவெவர்'. முழு அர்த்தமும் புரியணும்னு இல்ல, கை எங்க நீளுதுன்னு தெரிஞ்சா ரெண்டு வரியைச் சங்கிலி கோத்திடலாம். எஸ்எஸ்சியில ஆப்ஷன் இருக்கிறதால அந்த ஒரு சங்கிலியே பல சமயம் போதும், மிச்ச ஆப்ஷன் தானா உதிர்ந்துடும். எம்பிஏ சேர எழுதுற கேட் (CAT) எக்ஸாம்ல இந்தக் கேள்விக்கு விடையை நாமளே டைப் பண்ணணும், ஆப்ஷன் கிடையாது. ஆனா தப்பாப் போட்டா மைனஸும் கிடையாது, அதனால அங்க காலியா விட்டுட்டு வராதீங்க.

அடுத்தது அசம்ப்ஷன் கேள்வி. எங்க தெரு முனையில ஒரு டீக்கடைன்னு வெச்சுக்குங்க. டீ 12 ரூபாயில இருந்து 15 ரூபாயாச்சு. அந்த மாசம் வியாபாரம் கூடிடுச்சு. கடைக்காரர் சொல்றார், "விலையை ஏத்தினா தரமான டீன்னு ஜனம் நம்புது, அதான் கூட்டம்." இதுல அவர் வாய்விட்டுச் சொல்லாம, உள்ளுக்குள்ள நம்பிக்கிட்டிருக்கிறது என்ன? ஆப்ஷன் ஒண்ணு: 'ஜனங்களுக்கு டீ ரொம்பப் பிடிக்கும்.' ஆப்ஷன் ரெண்டு: 'கூட்டம் கூடினதுக்கு வேற காரணம் எதுவும் இல்ல.'

நிறைய பேர் முதல் ஆப்ஷன்ல விழுவாங்க, ஏன்னா அது உண்மை. ஆனா உண்மையான்னு இங்க யாரும் கேட்கல. ஒவ்வொரு ஆப்ஷனையும் மறுத்துப் பாருங்க. 'ஜனங்களுக்கு டீ ரொம்பல்லாம் பிடிக்காது.' சரி, அதனால கடைக்காரர் வாதத்துக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. 'கூட்டத்துக்கு வேற காரணம் இருந்துச்சு.' எதிர்த்த கடையை அதே வாரம் மூடிட்டாங்க! போச்சு, வாதம் படுத்துடுச்சு. மறுத்தா எது வாதத்தையே கவுக்குதோ, அதுதான் விடை.

பயிற்சிக்கு வருவோம். முதல் ரெண்டு வாரம் டைமர் போடாதீங்க. பழைய கேள்வித்தாள் ஒண்ணு, நாற்பது பக்க நோட்டு ஒண்ணு போதும். தப்பாப் போன கேள்விக்கு மட்டும் மூணு வரி. என் நோட்டுல இருந்து ஒண்ணு காட்டுறேன்.

[திரையில் நோட்டின் ஒரு பக்கம்.]

'கேள்வி: ஹி பிரிஃபர்ஸ் காபி தேன் டீ. நான் போட்டது: நோ எரர். உள்ள ஓடின தமிழ்: டீயை விட காபி.' மூணாவது வரிதான் முக்கியம். சரியான விடையை எழுதி வெச்சா அந்தக் கேள்வி மட்டும்தான் சரியாகும். உள்ள ஓடின தமிழை எழுதினா, ஒரு மாசத்துல உங்களை எந்த நாலஞ்சு வாக்கியம் திரும்பத் திரும்ப ஏமாத்துதுன்னு நோட்டே சொல்லிடும். எனக்கு 'வந்திருக்கான்'தான் வில்லன். நாற்பது பக்கத்துல பதினோரு இடத்துல அதுதான் இருந்துச்சு.

கடைசியா ஒரு கேள்வி, கமென்ட்ல விடை போடுங்க. 'தி பிரைஸ் ஆஃப் வெஜிடபிள்ஸ் ஹேவ் கான் அப் லாஸ்ட் வீக்.' 'ஹேவ் கான் அப்'புக்குப் பதிலா எது வரும்? ஏ: ஹேஸ் கான் அப். பி: வென்ட் அப். சி: ஆர் கோயிங் அப். டி: மாற்றம் தேவையில்லை. தலைவரைக் கண்டுபிடிச்சதும் அவசரப்பட்டு ஏ-வை அழுத்திடாதீங்க, வாக்கியம் இன்னும் முடியல.