சாக்லேட் ஊரின் கரடிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரையும் வளைந்த மட்டையும்தான் நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்திருப்பது பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டே கறுப்பு ரப்பர் வில்லையைத் துரத்தும் ஐஸ் ஹாக்கியைப் பற்றி. அதிலும், தொலைக்காட்சியில் வரும் பெரிய அணிகளை விட்டுவிட்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹர்ஷி என்ற சிற்றூரின் இரண்டாம் நிலை அணியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேலைக்காக அந்த ஊருக்குப் பக்கத்தில் சில ஆண்டுகள் குடியிருந்தவன் நான்.

ஊர்ப் பெயரைக் கேட்டதும் சாக்லேட் நினைவு வந்தால், சரியாகத்தான் வந்திருக்கிறது. மில்டன் ஹர்ஷி என்பவர் பால்பண்ணைகளுக்கு நடுவே ஆலையைக் கட்டி, அதைச் சுற்றி ஊரையும் கட்டினார். முக்கியச் சாலையின் பெயரே சாக்லேட் அவென்யூ. தெருவிளக்குகள் கூம்பு மிட்டாய் வடிவில் இருக்கும். 1932-ல் அங்கே தொடங்கிய ஹாக்கி அணிக்கு 'பார்ஸ்' என்று பெயர். சாக்லேட் 'பார்' தான் அது. விளையாட்டுக்குள் இவ்வளவு பச்சையாக விளம்பரமா என்று முணுமுணுப்பு எழவே, 1936-ல் ஓர் எழுத்தை மாற்றி 'பேர்ஸ்' ஆக்கினார்கள். மிட்டாய் கரடியானது இப்படித்தான்.

அது அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் கிடந்த காலம். ஊராருக்கு வேலை கொடுப்பதற்காகவே மில்டன் ஹர்ஷி ஹோட்டல், அரங்கம் என்று கட்டிடம் கட்டிடமாக எழுப்பிக்கொண்டிருந்தார். கரடிகளுக்காக 1936 டிசம்பரில் திறந்த அரங்கத்துக்கு உள்ளே ஒரு தூண் கூடக் கிடையாது. ஆன்டன் டெடஸ்கோ என்ற பொறியாளர் சில அங்குலமே தடிமன் கொண்ட கான்கிரீட் ஓட்டை வில்லாக வளைத்துக் கூரையாக்கியிருந்தார். ஏழாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம். ஊரின் மக்கள்தொகை அன்று அதில் பாதி கூட இருந்திருக்குமா என்பது சந்தேகமே!

அந்தக் கூரைக்கடியில் ஹாக்கி மட்டும் நடக்கவில்லை. 1962 மார்ச் 2 அன்று வில்ட் சேம்பர்லின் ஒரே கூடைப்பந்து ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தது அங்கேதான். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் என்னிடம் முதலில் சொன்னது வேறு கதை. 1979 மார்ச் மாதக் கடைசியில், பக்கத்தில் உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது. கர்ப்பிணிகளும் பள்ளி செல்லும் வயது வராத குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று ஆளுநர் அறிவித்தபோது, அவர்களுக்குப் புகலிடமாகத் திறந்துவிட்ட இடம் இந்த அரங்கம். சனிக்கிழமை இரவுகளில் கத்திக் கூச்சல் போட்ட அதே கூரையின் கீழ் மடக்குக் கட்டில்கள்.

இந்த அணி 1938-ல் அமெரிக்கன் ஹாக்கி லீகில் சேர்ந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த லீகில் இடைவெளியில்லாமல் ஆடிவரும் மிகப் பழைய அணி இதுதான். இரண்டாம் நிலை அணிகளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. முதலாளிக்குக் கணக்கு உதைத்தால், அணியைப் பெயர்த்து வேறு நகரத்தில் நட்டுவிடுவார்கள். ஹர்ஷியில் அப்படி நடக்கவில்லை. காரணம் பக்தியா என்றால், முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. மில்டன் ஹர்ஷிக்குப் பிள்ளைகள் இல்லை; 1909-ல் மனைவியோடு சேர்ந்து அநாதைச் சிறுவர்களுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கி, 1918-ல் தன் சொத்தை அதன் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். கரடிகளை நடத்தும் நிறுவனம் அந்த அறக்கட்டளைக்குச் சொந்தமானது. கேளிக்கைப் பூங்காவும் ஹோட்டலும் அதே நிறுவனத்தின் கையில். அணி ஊரைவிட்டுப் போனால், நிறுவனம் தன் வீட்டுத் திண்ணையைத் தானே இடித்துக்கொண்டதாகிவிடும்.

2002-ல் பத்தாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் புதிய அரங்கத்துக்கு அணி மாறியது. அங்கேதான் பொம்மை எறியும் நாளைப் பார்த்தேன். கனடாவில் பிறந்த இந்த வழக்கத்தை ஹர்ஷி 2001-ல் எடுத்துக்கொண்டது. உள்ளூர் அணி முதல் கோல் போட்டதும், வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் பஞ்சுப் பொம்மைகளைத் தளத்தில் வீச வேண்டும். எனக்கு முன்வரிசையில் ஒரு பாட்டி குப்பைக்குப் போடும் கறுப்புப் பை நிறையப் பொம்மை கொண்டுவந்திருந்தார். கோல் விழுந்தது. மேலே பார்க்கிறேன், கூரையே பெயர்ந்து வருவதுபோல் கரடியும் முயலும் யானையும். மேல்வரிசையில் இருந்து எறிபவர்களின் கை எட்டாது. என் பிடரியில் நான்கைந்து மோதின. எடுத்து முன்னால் வீசினேன், அந்தப் பாட்டியின் தலையில் விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதை எடுத்துத் தளத்துக்கு அனுப்பினார். வீரர்கள் குவியலில் குப்புற விழுந்து குழந்தைகளாகிவிட்டார்கள். வாரி எடுத்து முடிக்கும்வரை ஆட்டம் நின்றது, யாருக்கும் அவசரமில்லை. 2025 ஜனவரியில் இப்படி விழுந்தவை 1,02,343 என்று எண்ணிச் சொன்னார்கள். எல்லாம் சுற்றுவட்டாரத் தொண்டு அமைப்புகளின் வழியாகக் குழந்தைகளுக்குப் போகின்றன.

அந்த லீகின் சாம்பியனுக்குத் தரும் கால்டர் கோப்பையை 1947 முதல் 2024 வரை 13 முறை வென்ற அணி இது. ஆனாலும் அந்த வெற்றிகளைத் தந்தவர்களை ஊர் நெடுநாள் வைத்துக்கொள்ள முடிவதில்லை. ஒருவன் நன்றாக ஆடத் தொடங்கினால் வாஷிங்டனில் உள்ள தாய் அணி அழைத்துக்கொள்ளும். மேல்நிலைக்கு ஆள் தயாரிப்பதுதான் இவர்கள் வேலையே. ரசிகனுக்கு விசித்திரமான நிலை இது: தனக்குப் பிடித்தவன் போய்விட வேண்டும் என்று விரும்ப வேண்டியிருக்கிறது.

அந்தப் பாட்டிக்குத் தந்தை வழியில் வந்த பழக்கம், ஆண்டு முழுவதற்கும் டிக்கெட் எடுத்துவிடுவது. இன்னொரு நாள் ஆட்டத்துக்குப் போனபோது, எனக்குப் பிடித்த இளைஞன் தளத்தில் இல்லை. அடிபட்டுவிட்டதா என்று அவரிடம் கேட்டேன். கையிலிருந்த வீரர் பட்டியலை என் பக்கம் நீட்டினார். அவன் பெயரைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் 'மேலே' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, அவன் இடத்துக்கு வந்த புதுப்பையனின் எண்.