இரண்டாவது 'என்' எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். நான் ஆங்கில ஆசிரியராகப் பணிக்குச் சேர்ந்த புதிதில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'ரன்னிங்' என்ற சொல்லை ஒரே 'என்' போட்டு எழுதியிருந்தாள். சிவப்பு மையால் இன்னொரு 'என்' சேர்த்தேன். "எதற்கு சார் இரண்டு?" என்று கேட்டாள். "அது அப்படித்தான், மனப்பாடம் செய்" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அவள் கேட்டதற்கான விடை தமிழ் இலக்கண வகுப்பிலேயே இருந்தது.

'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்கிறது நன்னூல். தனிக்குறிலை அடுத்து நிற்கும் மெய், பின்னால் உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது பொருள். கல்லோடு 'ஐ' சேர்ந்தால் கல்லை. காலோடு சேர்ந்தால் காலை. அங்கே இருப்பது நெடில், அதனால் இரட்டவில்லை. இப்போது ஆர், யூ, என் என்று எழுதிப் பாருங்கள். நடுவில் ஒரு குறில், கடைசியில் ஒரு மெய். பின்னால் வரும் 'இங்' உயிரில் தொடங்குகிறது. 'என்' இரட்டிக்கிறது. மழை பெய்வதைச் சொல்லும் 'ரெயினிங்'கில் நெடில். ஒரே 'என்' போதும். 'ஷிப்' உடன் 'மென்ட்' சேரும்போது விகுதி மெய்யில் தொடங்குகிறது, ஒரே 'பி'.

ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் ஒலியே இரட்டிக்கிறது. ஆங்கிலத்தில் இரட்டிப்பது எழுத்து மட்டும். முன்னால் நிற்பது குறில் என்று கண்ணுக்குக் காட்டுவதே அதன் வேலை.

நம்பிக்கையைக் குறிக்கும் 'ஹோப்' என்ற சொல்லின் கடைசி 'ஈ' ஒலிப்பதில்லை. 'ஓ'வை நெடிலாக்கவே அது நிற்கிறது. 'இங்' வந்ததும் மறைந்துவிடும். இதற்கும் நன்னூலில் இணை இருக்கிறது: 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்.' அதாவது, உயிர் வந்தால் சொல்லின் கடைசியில் உள்ள குற்றியலுகரம் மறைந்துவிடும். காசு, ஐ சேர்ந்தால் காசை. மெய்யில் தொடங்கும் 'ஃபுல்' வந்தாலோ 'ஈ' அப்படியே நிற்கும், 'காசுகள்' என்பதில் உகரம் நிற்பதுபோல. இதை முதன்முதலில் கண்டுகொண்ட நாளில் எனக்கு உறக்கமே வரவில்லை.

ஈரசைச் சொற்களில் நன்னூல் துணைக்கு வராது, காதுதான் துணை. 'பிகின்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அழுத்தம் பின்னசையில் விழுகிறது. ஆகவே 'பிகினிங்' எழுத இரண்டு 'என்'. 'ஓப்பன்' சொல்லுங்கள். அழுத்தம் முன்னசையில், 'ஓப்பனிங்'குக்கு ஒரே 'என்'. 'டிராவலிங்' போன்ற சில சொற்கள் மட்டும் வழக்கத்தைப் பொறுத்தவை: அமெரிக்கர் ஒரு 'எல்' எழுதுவார்கள், பிரிட்டிஷ் வழக்கில் இரண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு. நன்றி, வணக்கம்.