நரம்புச் செல் துடிக்கும்போது மரபணுவில் நடப்பது

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு வயதுப் பெண் குழந்தையுடன் வந்த தாயொருவர், "தாய்மாமனைக் கட்டியதால்தான் இப்படி ஆனதா, டாக்டர்?" என்று கேட்டார். பூக்கட்டிப் பிழைப்பவர். ஒன்றரை வயது வரை அவர் மடியிலிருந்த மல்லிகை மொட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிய குழந்தை, இப்போது இரு கைகளையும் மார்புக்கு நேரே சேர்த்து ஓயாமல் பிசைந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் ரெட் நோய்க்குறி அது.

நரம்புச் செல்லின் உட்கருவில் இருக்கும் ஏறக்குறைய 20,000 மரபணுக்களில் எது எப்போது படிக்கப்படும் என்பதில் அச்செல்லின் மின்துடிப்புக்கும் பங்குண்டு. செல் துடித்ததும் அதன் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே பாய, அச்செய்தி உட்கருவை எட்டி, கிரெப் என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதித்துண்டை ஏற்றுகிறது. சில நிமிடங்களில் சி-ஃபாஸ் போன்ற மரபணுக்கள் விழித்துக்கொள்ள, நரம்புச் செல்களுக்கு இடையிலான இணைப்புகளை வலுப்படுத்தும் பி.டி.என்.எஃப். என்ற புரதமும் பின்னர் சுரக்கிறது. மொட்டை எடுக்கப் பழகிய விரல்களின் பழக்கம் மூளையில் ஊன்றிக்கொள்ள இவ்வழியும் வேண்டும்.

துடிப்பு அளவுமீறி வலிப்பாக மாறினாலும் கேடுதான். 1987-இல் மார்கன், கர்ரன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் சுண்டெலிகளுக்கு வலிப்பைத் தூண்டியபோது மூளையில் சி-ஃபாஸ் பெருகியதைக் கண்டனர். வந்த வலிப்பு போய்விட்டாலும் மரபணுக்களில் அதன் தடம் சிறிது நேரம் நிற்கிறது. இடையில் விட்டால் வலிப்பு மீண்டும் வரக்கூடும் என்பதால்தான் மாத்திரையை இடையில் நிறுத்தாதீர்கள் என்று வற்புறுத்துகிறோம். (கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை, தானாக நிற்பதற்குச் சாவி பெயர் வாங்கிக்கொள்கிறது.)

ரெட் நோயில் பழுதாவது மெக்-பி-2 என்ற புரதம். அதன் மரபணுவே காரணம் என்று 1999-இல் ஹூடா ஸோக்பியின் குழு கண்டறிந்தது. டி.என்.ஏ.யின் மேல் அமர்ந்து மரபணுக்களின் படிப்பை மட்டுப்படுத்தும் அப்புரதமும், செல் துடிக்கும்போது பாஸ்பேட் ஏறி மாறுகிறது. அனுபவம் பெருகும் வயதில் அது இல்லாமற்போவதால்தான், நன்றாக வளர்ந்த குழந்தை கற்றதை இழக்கிறது என்று கருத இடமுண்டு. ஆயினும் செல்கள் மடிந்துவிடுவதில்லை. 2007-இல் ஏட்ரியன் பேர்டின் குழு வளர்ந்த எலிகளிலேயே அந்த மரபணுவை மீண்டும் இயக்கியபோது நோய்க்குறிகள் பெரிதும் தணிந்தன. மனிதருக்கு அது இன்னும் கைகூடவில்லை.

தாயின் கேள்விக்கு வருவோம். இந்தப் பிழை பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை; தந்தையின் விந்தணு உருவாகும்போது தற்செயலாக நேரும் புதிய எழுத்துப் பிழை. சொந்தத்தில் மணந்தது இதற்குக் காரணமில்லை என்றதும் அவர் எழுந்து, வெளியே பெஞ்சில் இருந்த தம் பாட்டியை, மாமியாரும் அவரே, உள்ளே அழைத்து வந்து, "இதை இவரிடம் ஒரு முறை சொல்லுங்கள்" என்றார். சொன்னேன்.