மூன்று ஏன் அடிக்கடி விழுகிறது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பினாங்குவாழ் பெற்றோரே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். மாணவர்களைக் கணிதத்தின்பால் ஈர்ப்பது இடைவிடாத பயிற்சியா, விளையாட்டும் மனநெருக்கமுமா என்பது இன்றைய தலைப்பு. விளையாட்டும் மனநெருக்கமுமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று தொடங்கும் வெண்பாவை எடுத்துக்காட்டி, பழகினால் வராதது எதுவும் இல்லை, நாளொன்றுக்கு ஐம்பது கணக்குச் செய்யும் பிள்ளைக்குக் கணிதம் தானாக வந்துவிடும் என்றார். ஆனால் அதே வெண்பா சித்திரத்தைக் கைப்பழக்கம் என்றும் செந்தமிழை நாப்பழக்கம் என்றும் சொன்ன பிறகு, கல்வியை மட்டும் மனப்பழக்கம் என்று பிரித்துச் சொல்கிறது. என் வாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. மனம் ஓரமாய் ஒதுங்கி நிற்க, கை மட்டும் ஐம்பது கணக்குகளைச் செய்து முடித்துவிட முடியும். அப்படிச் செய்து முடித்த பயிற்சி நூல்களை நான் ஆண்டுக்கணக்காகத் திருத்தியிருக்கிறேன்.

என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். நான் அவளுடைய மேசையை நெருங்குவதற்குள் அழிப்பானை எடுத்துத் தான் எழுதிய விடையை அழித்துவிடுவாள். சரியான விடையையும் அழித்துவிடுவாள். வெற்றுத் தாளைக் காட்டினால் சோம்பேறி என்ற பெயர்தான் கிடைக்கும், தவறான விடையைக் காட்டினால் முட்டாள் என்ற பெயர் கிடைக்கும் என்று அந்தப் பிஞ்சு மனம் கணக்குப் போட்டு வைத்திருந்தது. அவளுக்கு இன்னும் ஐம்பது கணக்குகளைக் கொடுத்திருந்தால் இன்னும் ஐம்பது முறை அழித்திருப்பாள், வேறென்ன நடந்திருக்கும்?

ஒரு நாள் பேச்சுவாக்கில், தன் பாட்டியோடு வீட்டில் தாயம் ஆடுவதாகச் சொன்னாள். மறுநாள் அந்தத் தாயக்கட்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன். எனக்கு ஆட்டம் மறந்து போயிருந்தது, ஆகவே அவளே எனக்கும் வகுப்புக்கும் கற்றுக் கொடுத்தாள். இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கங்கள். மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், நான்காவது பக்கம் வெறுமை. கூட்டுத்தொகை ஒன்று வந்தால் தாயம். தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. மூன்றாம் நாள், தாயத்துக்காகக் காத்துக் காத்துச் சலித்துப்போய் அவளே கேட்டாள்: “டீச்சர், மூணு மட்டும் ஏன் அடிக்கடி விழுது?”

நடுவர் அவர்களே, அந்தக் கேள்வி எந்தப் பயிற்சி நூலிலும் இல்லை. ஆனால் நிகழ்தகவு என்ற பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கரும்பலகையில் எல்லாச் சேர்க்கைகளையும் எழுதிப் பார்த்தோம். நான்கு பக்கத்தோடு நான்கு பக்கம் சேர, மொத்தம் 16 வழிகள். அவற்றுள் மூன்று விழ நான்கு வழிகள், இரண்டும் நான்கும் விழ மும்மூன்று வழிகள், தாயமும் ஐந்தும் விழ இரண்டிரண்டு வழிகள், ஆறும் பன்னிரண்டும் விழ ஒவ்வொரு வழி. நம் முன்னோர் பின்னங்களுக்கு வைத்த பெயர்களிலேயே சொன்னால், மூன்று விழும் வாய்ப்பு கால், தாயம் விழும் வாய்ப்பு அரைக்கால், பன்னிரண்டு விழும் வாய்ப்பு மாகாணி. அந்தப் பெயர்களைப் பாட்டியிடம் சொல்லிக் காட்ட வேண்டும் என்று அவள் தன் கையிலேயே எழுதிக்கொண்டு போனாள்.

அடுத்து வகுப்பே ஒன்றைக் கண்டுபிடித்தது. அவள் வீட்டு ஆட்ட முறைப்படி ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுமுறை உருட்டலாம். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் உருட்ட முடியாது. அரிதாக விழும் எண்களுக்குத்தான் அந்தச் சலுகை தரப்பட்டிருக்கிறது! பட்டியலைப் பார்த்ததும் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். அந்தக் கூச்சலை ‘வகுப்புக் கட்டுப்பாடு குலைவது’ என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் பெயரிட்டார். நான் அதைக் கணிதம் நடக்கும் ஓசை என்பேன். பட்டியல் மெய்தானா என்று பார்க்க நூறு முறை உருட்டிக் குறித்துக்கொண்டு வரட்டுமா என்று அவர்களே கேட்டார்கள். எதிரணியினர் விரும்பும் பயிற்சிதான் இதுவும். ஆனால் இதைப் பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நம் பல்லாங்குழியைப் போலக் குழிக்கு ஒரு விதையாகப் போட்டுக்கொண்டே போய், அண்டை வீட்டு மலாய்க் குடும்பங்கள் ஆடும் சோங்காக்கும் அப்படித்தான். பக்கத்துக்கு ஏழு குழிகள், குழிக்கு ஏழு விதைகள், ஆக 98 விதைகள். விதை சேர்க்க ஆளுக்கு ஒரு பெரிய குழி, அதுதான் வீடு. வீட்டிலிருந்து ஏழாவதாக உள்ள குழியை முதலில் எடுத்தால் கடைசி விதை சரியாக நம் வீட்டில் விழும், மறு ஆட்டம் கிடைக்கும். எதிராளியின் வீட்டைத் தாண்டிச் செல்வதால் ஒரு சுற்றுக்கு 15 இடங்கள்; ஆகவே வீட்டை ஒட்டிய குழியில் ஒரு விதை இருந்தாலும் 16 விதைகள் இருந்தாலும் முடிவு ஒன்றே. மீதி பார்த்து வகுக்கும் கணக்கை ஆடும் பிள்ளை வெற்றிக்காகச் செய்கிறது.

விளையாட்டு என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் போதும் என்று நான் சொல்லவில்லை. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் வசதி குறைந்த குடும்பத்து மழலையரில் ஒரு குழுவினர் ஒன்று முதல் பத்து வரை எண்கள் வரிசையாக எழுதிய பலகையில் ஆடினார்கள். மற்றொரு குழுவினர் எண்களுக்குப் பதில் வண்ணங்கள் தீட்டிய பலகையில் ஆடினார்கள். ஏறத்தாழ பதினைந்து நிமிடமாக நான்கு அமர்வுகள், இரண்டு வாரத்துக்குள் முடிந்தன. எண் பலகையில் ஆடியவர்கள் எண்ணறிவில் முன்னேறினார்கள், ஒன்பது வாரம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. வண்ணப் பலகையில் ஆடியவர்களிடம் அது ஏற்படவில்லை. கைப்பேசியில் நட்சத்திரமும் பரிசுப் பெட்டியும் கொட்டும் செயலிகளை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். கணிதம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், ஆட்டத்துக்குக் கொடுக்கும் கூலியாக அல்ல. வகுப்பில் நேரம் இல்லை என்றவர்களுக்கும் அந்த நான்கு அமர்வுகளே விடை.

வாய்ப்பாடு மனப்பாடமாக வேண்டும் என்பதில் எனக்கும் எதிரணிக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் அஞ்சும் பிள்ளைக்கு மனப்பாடம் செய்த வாய்ப்பாடும் கைகொடுப்பதில்லை. கணக்குப் போடும்போது எண்களைச் சற்று நேரம் மனத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். ‘தவறு செய்துவிடுவேனோ’ என்ற எண்ணம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் எண்கள் நிற்க இடமிருக்காது. பல நாட்டு மாணவர்களின் கணித, அறிவியல் திறனை ஒப்பிடும் அனைத்துலக டிம்ஸ் ஆய்வில் நம் மலேசியாவின் இரண்டாம் படிவ (எட்டாம் வகுப்பு) மாணவர்கள் கணிதத்தில் 1999இல் 519 புள்ளிகள் பெற்றார்கள், 2023இல் 411 பெற்றார்கள். இச்சரிவுக்கு ஒற்றைக் காரணம் சொல்வது நேர்மையாகாது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் நம் பிள்ளைகளின் புத்தகப்பையில் பயிற்சி நூல்களுக்குப் பஞ்சம் வந்ததாக நான் பார்க்கவில்லை.

இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்தில் தாயம் உருட்ட விடுவார்களா என்று எதிரணி கேட்டது. விடமாட்டார்கள். ஆனால் அங்கே வரும் நிகழ்தகவு வினாவுக்கு எல்லா வாய்ப்புகளையும் பட்டியலிட்டாக வேண்டும். அந்தப் பட்டியலைப் பத்து வயதிலேயே தன் தேவைக்காக எழுதிப் பார்த்த பிள்ளைக்கு அது புதிய பாடமாக இராது.

அந்த மாணவியிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். தாயத்தில் வெட்டுப்பட்ட காயை நீ மறைத்து வைப்பதில்லையே, தவறிய விடையையும் மறைக்காதே, எந்த வழியில் போனாய் என்று நான் பார்க்க வேண்டும் என்றேன். ஆண்டு இறுதியில் அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் தவறான விடைகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு கோடு, அடியில் மறுமுயற்சி. நன்றி, வணக்கம்.